ஆங்கில வகுப்பில் ஒரு மரியாதைப் பன்மை

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, ஆங்கில வகுப்பில் தன் தந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ‘மை ஃபாதர் ஆர் எ ஃபார்மர். தே ஆர் வெரி குட்’ என்று தொடங்கியிருந்தாள். ஆசிரியர் அதை உரக்கப் படித்துவிட்டு, “உனக்கு எத்தனை அப்பா?” என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் தமிழில் அக்கேள்வி வேடிக்கையானதன்று. அதன் பின் இரண்டு வாரம் அவள் ஆங்கில வகுப்புக்குள் நுழையவில்லை. நூலகத்தில் தனியே உட்கார்ந்திருந்தவளிடம் நான் விசாரித்தபோதுதான் செய்தி தெரிந்தது.

கட்டுரைத் தாளை வாங்கிப் பார்த்தேன். “ஐயா, ‘ஹீ’ன்னு எழுதினா அப்பாவ ‘அவன்’னு சொல்ற மாதிரி இருக்குங்க” என்றாள். அவள் செய்தது பிழைதான். ஆனால் அது அறியாமையிலிருந்து வந்த பிழையன்று, இலக்கணத்திலிருந்து வந்த பிழை. ஒருவரைப் பன்மையால் சுட்டுவதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பேசுகிறார். அது உயர்த்திச் சொல்லும் வழக்கு. இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்று பிரித்தும் காட்டுகிறார். ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்தை அந்தப் பெண் ஆங்கிலத்துக்குள் எடுத்துச் சென்றிருக்கிறாள், அவ்வளவே.

இன்னும் ஒன்று. இன்று ஆங்கிலத்தில் ஒருவரை நோக்கிச் சொல்லும் ‘யூ’ ஒரு காலத்தில் பன்மைச் சொல்லாக இருந்தது. ஒருமைக்கு ‘தௌ’ என்ற சொல் தனியே இருந்தது. மரியாதை கருதி ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் ‘தௌ’ பேச்சு வழக்கிலிருந்தே ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஒருவரைப் பார்த்து ‘யூ ஆர்’ என்று பன்மை வினையோடு பேசுவது அந்த மரியாதையின் மிச்சம். நம் மாணவி படர்க்கையில் செய்ததை ஆங்கிலேயர் முன்னிலையில் செய்து, அதையே இலக்கணமாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் நாம் கேட்டுச் சிரிக்கும் பலவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. ஆகவே ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆகிறது. வல்லின மெய் மொழிக்கு இறுதியில் நில்லாது. ஆகவே புக் ‘புக்கு’ ஆகிறது. இராமனுக்கு முன்னே இகரம் சேர்ப்பதை மரபு என்கிறோம். இஸ்கூலுக்கு முன்னே சேர்த்தால் பட்டிக்காடு என்கிறோம். என்ன நியாயம் இது?

பிழையைத் திருத்தாமல் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது மரியாதையன்று, கைவிடுதல். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்குச் செம்மையான ஆங்கிலம் தேவை. அது இல்லாததால் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் திரும்பி வந்த மாணவர்களை நான் அறிவேன். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியரின் நெருக்கடியும் தெரியும். ஆனால் சிரிப்பதற்கு ஆகும் நேரம்தான் விளக்குவதற்கும் ஆகும். “உங்கள் மொழியில் மரியாதை விகுதியில் இருக்கிறது, ஆங்கிலத்தில் அது ‘வுட்’, ‘குட்’, ‘ப்ளீஸ்’ போன்ற சொற்களில் இருக்கிறது. ‘ஹீ’ என்பதில் அவமதிப்பு இல்லை” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அயல்மொழியின் முன் வளர்ந்த மனிதனும் குழந்தைதான் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு நம் ஊர் காட்டிய பொறுமையை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுகிறோமா?

குற்றத்தை ஆங்கிலத் துறையின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. ‘வாயப்பயம்’ என்று படித்த மாணவனை எழுந்து நிற்க வைத்து, பத்து முறை ‘வாழைப்பழம்’ சொல்ல வைத்தவன் நான். அவன் அதற்குப் பின் என் வகுப்பில் வாய்விட்டுப் படித்ததே இல்லை. தமிழ்த் துறையிலும் சிவப்பு மை உண்டு.

ஆங்கில ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், “எனக்கு இது தோன்றவே இல்லை, சார்” என்றார். நல்ல மனிதர். மறுநாள் வகுப்பில் இரண்டு மொழிகளின் மரியாதையையும் கரும்பலகையில் எழுதி விளக்கினாராம். மாணவி இப்போது ‘ஹீ’ என்றே எழுதுகிறாள்.

அந்தக் கட்டுரையின் மீதியையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 26 அன்று, சுரங்க விரிவாக்கத்தை ஒட்டிய வாய்க்கால் பணிக்காக, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கின. அன்று வரப்பில் நின்ற தன் தந்தையைப் பற்றித்தான் அவள் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். முதல் இரண்டு வாக்கியத்திலேயே வகுப்பு சிரித்துவிட்டதால், மூன்றாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.