ஓக்லாந்தை ஜெயிக்க வைத்தது கணினியா?

ஐபிஎல் ஏலக் காலத்தில் தவறாமல் காதில் விழும் சொல் 'மணிபால்'. மலிவு விலைக்கு நல்ல ஆட்டக்காரரை எடுத்த அணியைப் பாராட்ட வேறு சொல்லே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. அதன் பின்னால் இருக்கும் கதை, பிராட் பிட் நடித்து 2011இல் வந்த படத்தின் வழியாகத்தான் பெரும்பாலோருக்குத் தெரியும். காசில்லாத ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி தன் நட்சத்திரங்களைப் பணக்கார அணிகளிடம் பறிகொடுக்கிறது. பொது மேலாளர் பில்லி பீன், பொருளாதாரம் படித்த ஓர் இளைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் சீந்தாத ஆட்டக்காரர்களைக் கணக்குப் போட்டுப் பொறுக்குகிறார். ஆள் பார்க்க ஊர் ஊராக அலையும் கிழட்டு ஸ்கவுட்டுகள் முகம் சுளிக்கிறார்கள். 2002இல் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வெல்கிறது. கணினி ஜெயித்தது, கண் தோற்றது.

மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய புத்தகம் படத்தைவிட எவ்வளவோ நுணுக்கமானது. ஆனால் புத்தகத்தைப் படித்தவர்களும் கடைசியில் படத்தின் கதையைத்தான் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளாக நிர்வாகவியல் வகுப்பிலிருந்து கிரிக்கெட் வர்ணனை வரை சொல்லப்பட்டு வரும் அந்தக் கதை, பேஸ்பால் அணிகள் ஓர் ஆட்டக்காரரை எப்படி மதிப்பிடுகின்றன என்பதைத் தலைகீழாகக் காட்டுகிறது.

முதலில், 'ஒதுக்கப்பட்டவர்களின் அணி' என்ற பேச்சு. 2002இல் ஓக்லாந்து வென்ற 103 ஆட்டங்களில் 57 வெற்றிகள் மூன்றே பிட்ச்சர்களின் (பந்தெறிபவர்களின்) கணக்கில் இருக்கின்றன: பேரி ஜீட்டோ 23, மார்க் முல்டர் 19, டிம் ஹட்சன் 15. அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அந்த ஆண்டு ஜீட்டோவுக்குக் கிடைத்தது. லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அதே அணியின் ஷார்ட்ஸ்டாப் மிகேல் தெஹாதாவுக்கு. ஒரு லீகின் இரண்டு பெரிய விருதுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோன அணியை ஒதுக்கப்பட்டவர்களின் கூட்டம் என்று சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும். படத்தில் இவர்கள் வந்துபோவதே தெரியாது.

வெற்றியைப் பிட்ச்சரின் பெயரில் எழுதுவது பழைய கணக்கு, புள்ளிவிவரக்காரர்கள் அதை மதிப்பதில்லை என்று யாராவது இடைமறிக்கலாம். சரி, அவர்கள் மதிக்கும் கணக்குக்கே வருவோம். ஓக்லாந்தின் நட்சத்திரம் ஜேசன் கியாம்பியைப் பணக்கார அணியான யாங்கீஸ் ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலர் கொடுத்துக் கொண்டுபோனது. அவர் விட்டுப்போன ரன்களை மலிவான ஆட்களைக் கொண்டே ஈடுகட்டிவிட்டார்கள் என்பதுதான் கதையின் உயிர். கியாம்பி ஆடிய 2001இல் ஓக்லாந்து எடுத்த ரன்கள் 884. அவர் இல்லாத 2002இல் 800. ஈடுகட்டவில்லை. 2001இலேயே அந்த அணி 102 ஆட்டங்களை வென்றிருந்தது. அடிக்கும் பக்கம் சரிந்தும் அணி சரியாததற்குக் காரணம் பந்தெறியும் பக்கம் அசையாமல் நின்றது.

அப்படியானால் அந்த அணி எப்படி அவ்வளவு மலிவாக இருந்தது? அந்த ஆண்டு சம்பளத்துக்கு ஓக்லாந்து செலவிட்டது சுமார் 4 கோடி டாலர், யாங்கீஸ் 12 கோடிக்கும் மேல். இரண்டுமே வென்றது 103 ஆட்டங்கள்தான். பதில் கணினியில் இல்லை, வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. மேஜர் லீகில் ஆறு ஆண்டு ஆடி முடிக்கும்வரை ஓர் ஆட்டக்காரர் வேறு அணியிடம் விலை பேச முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் அணி கொடுப்பதுதான் சம்பளம். அது பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே இருக்கும். 2002இல் அந்தக் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர். உலகத்தின் சிறந்த இளம் பிட்ச்சர் ஒருவரைக் குமாஸ்தாச் செலவில் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் விதி அது. கட்டு அவிழ்ந்ததும் உண்மையான விலை தெரிந்தது: தெஹாதாவை பால்டிமோர் 7.2 கோடிக்கும், ஜீட்டோவை சான்பிரான்சிஸ்கோ 12.6 கோடிக்கும் எடுத்தன. பேஸ்பாலில் அன்றும் இன்றும் மிகப் பெரிய மலிவுச் சரக்கு, இப்படிக் கட்டுண்டிருக்கும் இளைஞன்தான். அதைக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரமும் தேவைப்படவில்லை.

எண்கள் கொடுத்த பங்கை நான் மறுக்கவில்லை. முழங்கை நரம்பு பழுதாகி, கேட்ச்சராக இனி எறிய முடியாது என்று பாஸ்டன் கைவிட்ட ஸ்காட் ஹாட்டெபெர்க்கை முதல் பேஸில் நிறுத்தியது நிஜமான புத்திசாலித்தனம். எதிரணி எறியும் பந்து நான்கு முறை அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போனால் அடிப்பவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். பேட்டிங் சராசரி அந்த நடையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவுட் ஆகாமல் பேஸை எட்டும் விகிதம் எடுக்கிறது. ஹாட்டெபெர்க் 2002இல் ஆயிரத்துக்கு 374 முறை என்ற விகிதத்தில் எட்டினார், பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த சம்பளத்துக்கு. கன்சாஸ் சிட்டியிடம் 11-0 என்று முன்னிலையில் இருந்து 11-11க்கு வழுக்கிய அந்த இருபதாவது ஆட்டத்தை ஹோம் ரன் அடித்து முடித்ததும் அவர்தான். ஆனால் அவர் கட்டடத்தின் கடைசிச் செங்கல், அஸ்திவாரம் வேறு.

இரண்டாவது, இதெல்லாம் 2002இல் கணினியோடு வந்தது என்பது. இதற்கு அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பேஸ்பால் எண்ணில்லாமல் இருந்த காலமே கிடையாது. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக் 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்கோர் அட்டையையும் சராசரியையும் அந்த ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். 1947இல் ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கிய அதே பிராஞ்ச் ரிக்கி, அதே ஆண்டில் ஆலன் ராத் என்ற புள்ளிவிவரக்காரரைப் புரூக்ளின் டாட்ஜர்ஸில் முழுநேர வேலைக்கு வைத்தார். பேஸை எட்டும் விகிதம் பேட்டிங் சராசரியைவிட முக்கியம் என்று 1954இல் 'லைஃப்' இதழில் ரிக்கி சூத்திரத்தோடு எழுதினார். கன்சாஸில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்தபடி பில் ஜேம்ஸ் தன் முதல் கணக்குப் புத்தகத்தைத் தானே அச்சிட்டு விற்றது 1977இல். பீனுக்கு முந்தைய பொது மேலாளர் சாண்டி ஆல்டர்சன் இவற்றையெல்லாம் ஓக்லாந்துக்குள் கொண்டுவந்தது எண்பதுகளிலேயே. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பத்திரிகையில் கிடந்ததைப் பெரும்பாலான அணிகள் பயன்படுத்தவில்லை என்பதுதான் விந்தை.

மூன்றாவதுதான் அதிகம் பரவிய பொய்: கண்ணுக்கும் எண்ணுக்கும் சண்டை நடந்தது, எண் ஜெயித்தது. ஸ்கவுட் என்றால் ஆளின் தாடையைப் பார்த்து முடிவெடுப்பவர் என்பதுபோல் படம் காட்டுகிறது. ஸ்கவுட்டின் கையில் எப்போதும் இருப்பது ஒரு நிறுத்துக் கடிகாரம், பந்தின் வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கி, 20 முதல் 80 வரை மதிப்பெண் போடும் ஒரு தாள். அடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், எறியும் கை, பிடிக்கும் கை என்று தனித்தனியாக மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. அதுவும் எண்தான். அவர் அளந்தது, ஸ்கோர் அட்டையில் இன்னும் விழாததை.

அட்டையில் விழுந்ததை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2002இல் நடந்தவிதமே சாட்சி. பள்ளிக்கூடப் பிட்ச்சர்கள் சூதாட்டம், கல்லூரியில் ஆடியவர்களின் கணக்கைத்தான் நம்பலாம் என்பது ஓக்லாந்தின் கொள்கை. 16ஆவது இடத்தில் அவர்கள் கல்லூரி ஆட்டக்காரர் நிக் ஸ்விஷரை எடுத்தார்கள். சோடையில்லை, 245 ஹோம் ரன் அடித்தவர். 17ஆவது இடத்தில் பிலடெல்பியா எடுத்த பள்ளிப் பையன் கோல் ஹாமெல்ஸ், 2008 வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 24ஆவது இடத்தில் ஓக்லாந்து ஜோ பிளாண்டனை எடுத்தது. 25இல் சான்பிரான்சிஸ்கோ எடுத்த மாட் கெயின், பத்தாண்டு கழித்து ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முழு ஆட்டம் எறிந்து சரித்திரத்தில் இடம்பிடித்தார். புத்தகத்தின் செல்லப்பிள்ளையான பருத்த உடல் கேட்ச்சர் ஜெரமி பிரவுனை 35ஆவது இடத்தில் எடுத்தார்கள். அவர் மேஜர் லீகில் ஆடியது ஐந்தே ஆட்டங்கள். ஒரு டிராஃப்டை வைத்து ஒரு முறையையே தீர்த்துக்கட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சீசனை வைத்து அதைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

தெஹாதாவையும் மறக்க வேண்டாம். டொமினிக்கன் குடியரசின் பானி ஊரில் வறுமையில் வளர்ந்த பையனை 1993இல் ஓக்லாந்து ஒப்பந்தம் செய்தபோது, அவனைப் பற்றி எந்தக் கணினிக்கும் ஒரு வரி தெரியாது. யாரோ போய் மைதானத்தில் நின்று பார்த்ததால்தான் 2002இல் அந்த விருது அந்த அணிக்கு வந்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? ஸ்கவுட் பார்க்க முயன்றதையே இயந்திரம் அளக்கிறது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. மட்டையிலிருந்து பந்து எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது, பிட்ச்சரின் விரலிலிருந்து எத்தனை சுழற்சியோடு போனது என்றெல்லாம் அது பதிகிறது. 2020 முதல் அதற்குப் பயன்படுவது ஹாக்-ஐ, நாம் எல்பிடபிள்யூ மறுபரிசீலனையில் பார்க்கும் அதே ஹாக்-ஐ. அடி பலமாக விழுந்தும் ஃபீல்டரின் கையில் சிக்கி அவுட் ஆன ஆட்டக்காரரைப் பழைய அட்டை தோற்றவராக எழுதும். நல்ல ஸ்கவுட், 'பையன் நன்றாகத்தான் அடிக்கிறான், அதிர்ஷ்டம் இல்லை' என்று எழுதுவார். இயந்திரம் ஸ்கவுட்டின் பக்கம்தான் பேசுகிறது.

எண் வந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்ததே. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எங்கும் கிடைக்கும் சாதாரண ஆளைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்று சொல்லும் 'வார்' என்ற அளவை இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் ஒரு வார் சொல்லும், ஃபேன்கிராஃப்ஸ் வேறு வார் சொல்லும். பிட்ச்சர்கள் விஷயத்தில் வித்தியாசம் சில சமயம் பெரிதாகவே இருக்கும். காரணம், விட்ட ரன்னுக்குப் பிட்ச்சர் எவ்வளவு பொறுப்பு, பின்னால் நின்ற ஃபீல்டர்கள் எவ்வளவு பொறுப்பு என்பதில் இருவரும் ஒத்துப்போவதில்லை. கருத்து வேறுபாடு மறையவில்லை, சூத்திரத்துக்குள் குடிபுகுந்திருக்கிறது.

நான்காவது, பேஸை எட்டும் விகிதம்தான் அந்த ரகசியம் என்பது. நல்ல ஆட்டக்காரர் யார் என்பது எல்லா அணிகளுக்கும் ஏறத்தாழத் தெரியும். சந்தை யாருக்குத் தப்பான விலை போட்டிருக்கிறது என்பதைத்தான் பீன் தேடினார். ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்தார்கள். பேஸை எட்டும் திறன் வெற்றிக்குத் தரும் பங்குக்கு ஏற்ற கூலி முந்தைய ஆண்டுகளில் கிடைக்கவில்லை என்பது உண்மைதான் என்று கண்டார்கள். 2004க்குள் அந்த இடைவெளி மூடிவிட்டது என்பதையும் அவர்களே காட்டினார்கள். புத்தகம் வந்த அடுத்த ஆண்டே சரக்கு விலை ஏறிவிட்டது.

அதன்பின் மலிவு வேறு இடத்துக்கு நகர்ந்தது. 2007இல் 66 ஆட்டங்களை மட்டும் வென்ற தம்பா பே, டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான, பேட்டிங்கில் எல்லோரும் புகழ்ந்த டெல்மன் யங்கை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டுப் பிட்ச்சர் மாட் கார்சாவையும் ஷார்ட்ஸ்டாப் ஜேசன் பார்ட்லெட்டையும் வாங்கியது. பார்ட்லெட்டின் பேட்டிங் சுமார். அவர் பந்தைப் பிடிப்பார். அப்போது பிடிப்பவருக்கு விலை குறைவு. 2007இல் எதிரணிகளுக்கு 944 ரன் விட்ட அணி 2008இல் விட்டது 671. வென்றது 97, வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. மணிபால் பாடத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றி, நடந்து பேஸுக்குப் போகும் கனத்த ஆட்களைச் சேர்த்திருந்தால் அது நடந்திருக்காது.

கடைசியாக, எண்கள் ஏழையைப் பணக்காரனுக்குச் சமமாக்கின என்பது. 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டும் ஓக்லாந்து சீசனுக்குப் பிந்தைய சுற்றின் முதல் தொடரிலேயே ஐந்தாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. பட்டம் வாங்கியது யார்? பில் ஜேம்ஸை ஆலோசகராக்கிய பாஸ்டன், 2004இல், 1918க்குப் பிறகு முதல் முறையாக. அந்த ஆண்டுச் சம்பளச் செலவில் அவர்களுக்கு மேலே இருந்தது யாங்கீஸ் மட்டும். கணக்குப் போடுபவரைக் கூலிக்கு அமர்த்துவது, பணம் உள்ளவனுக்குத்தான் இன்னும் சுலபம். தம்பா பேயைத் தூக்கி நிறுத்திய, வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஃபிரீட்மனை 2014இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அழைத்துக்கொண்டது.

2020 வேர்ல்ட் சீரிஸில் ஃபிரீட்மனின் பழைய அணியும் புதிய அணியும் மோதின. ஆறாவது ஆட்டத்தில் தம்பா பேயின் பிளேக் ஸ்னெல் இரண்டே ஹிட் கொடுத்து ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கி, 1-0 முன்னிலையில் எறிந்துகொண்டிருந்தார். எறிந்தது 73 பந்துதான். ஒரே பிட்ச்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அடிப்பவர்கள் தேறிவிடுவார்கள் என்பது கணக்கு. மேலாளர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்த டாட்ஜர்ஸின் மூகி பெட்ஸ் புதிய பிட்ச்சரை இரண்டு பேஸுக்கு அடித்தார். டாட்ஜர்ஸ் 3-1 என்று ஜெயித்துப் பட்டம் வாங்கியது. பெட்ஸை அந்த ஆண்டு 12 ஆண்டுக்கு 36.5 கோடி டாலர் என்று அவர்கள் கட்டிப்போட்டிருந்தார்கள். ஸ்னெல்லைத் தம்பா பே இரண்டே மாதத்தில் சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டது. 2024 நவம்பரில் அவரும் டாட்ஜர்ஸுக்கு வந்து சேர்ந்தார், ஐந்து ஆண்டுக்கு 18.2 கோடிக்கு.