காய்ச்சல் என்று இன்சுலினை நிறுத்தாதீர்!

இரும்பையிலோ, திண்டிவனம் வட்டாரத்தின் வேறு எந்தக் கிராமத்திலோ ஒரு கூலிக்காரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் காய்ச்சல் காண்கிறது. வாந்தி எடுக்கிறது. கஞ்சிகூட இறங்கவில்லை. "சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதற்கு? சர்க்கரை இறங்கிவிடுமே!" என்று தாய் ஊசியை நிறுத்துகிறாள். பாசத்தால்தான் நிறுத்துகிறாள். அதுவே பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கிறது.

உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்திச் சக்தி பெற இன்சுலின் தேவை. அது இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை குவிந்து கிடந்தும் உடம்பு பட்டினி கிடக்கிறது; கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் பெருகி ரத்தத்தை நஞ்சாக்குகின்றன. இதற்குத்தான் மருத்துவர்கள் 'கீட்டோ அசிடோசிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் நாளில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுமே தவிரக் குறையாது. அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. அடியோடு நிறுத்துவது ஆபத்து.

அறிகுறிகளைச் சர்க்கரை நோயாளிகளின் குடும்பத்தார் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வாங்கும் மூச்சு, அழுகிய பழம் போன்ற வாய்நாற்றம், மயக்கம். வாந்தியை அஜீரணம் என்றும், மூச்சிரைப்பை இளைப்பு என்றும் எண்ணிக் கைவைத்தியம் பார்த்து ஒரு நாளைக் கடத்தினால், அந்த ஒரு நாளே உயிரைக் கொண்டுபோகும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத குழந்தைக்கு இதுவே முதல் அடையாளமாகவும் வருவதுண்டு. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களும் அலட்சியமாக இருக்கலாகாது. 'கிளிஃப்ளோசின்' வகை மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சர்க்கரை அளவு மிக உயராமலேயே இந்த ஆபத்து நேர்கிறது.

ஆஸ்பத்திரியில் சலைன், இன்சுலின், பொட்டாசியம் ஆகியவற்றை அளவறிந்து ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். ஆகவே, தாமதந்தான் எமன்.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவன் சாவின் விளிம்பில் கிடந்தான். இன்சுலின் அவனைக் காப்பாற்றியது. அதைக் கண்டறிந்த பான்டிங்கும் சகாக்களும் காப்புரிமையைத் தலைக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று அவர்கள் கருதிய மருந்தில், இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்றே மூன்று பெருங்கம்பெனிகளின் கையில் இருக்கிறது! நூறாண்டுக்கு முன்பே மருந்து கிடைத்துவிட்ட நோயால் இன்னும் ஏழைகள் சாவதென்றால், அதை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. இரும்பைக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில், வயதுவந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல்! இனியும் இதைப் பணக்காரர் வியாதி என்பதா? முந்திரித் தோப்பிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் பாடுபடுகிறவனுக்கும் இது வருகிறது. அன்றையக் கூலி போய்விடுமே என்று "நாளைக்குப் பார்க்கலாம்" என்பவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனை அந்த நிலையில் வைத்திருப்பது யார் என்பதே கேள்வி.

2021-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். மாத்திரையோடு அறிவும் வீடு தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இன்சுலினும், சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையும் எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும். வாந்தியோடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் சர்க்கரை பார்ப்பது வழக்கமாக வேண்டும். இன்சுலின் போடும் ஏழைக் குழந்தைகளுக்குச் சோதனைக் கருவியும் பட்டைகளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இவற்றை அரசாங்கத்திடம் வற்புறுத்துகிறோம்.

விவசாய சங்கத் தோழர்களும், மாதர் சங்கத்தினரும், வாலிபர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தெருக்கூட்டங்களில் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்: காய்ச்சல் என்றால் ஊசியை நிறுத்தாதே, சில மணிக்கொரு முறை சர்க்கரையைப் பார், தண்ணீர் குடி, வாந்தி நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், 108-ஐக் கூப்பிடு, பொழுது விடியக் காத்திராதே!