முகாம் போதாது, பயிற்சி இடம் வேண்டும்

நெகிரி செம்பிலான் தோட்ட மக்களின் கொள்கைப் பிரகடனம்

சுவா பெத்தோங், பிராட்வால், லின்சம், கெடெஸ், கெய்ரோ என்று தோட்டத்தின் பெயரைச் சொல்லியே இன்னமும் எங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறோம். சிலர் இன்றும் லயத்தில் இருக்கிறோம். பலர், பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகு சிரம்பான் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தோம். இன்று ஓர் இயக்கம் தொடங்குகிறோம். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் பிள்ளை, மண்டையோட்டின் இணைப்புகள் காலத்துக்கு முன்பே இறுகிப்போன பிள்ளை, கொதிநீர் பட்டு முகமும் கையும் சுருங்கிப்போன பிள்ளை: இவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் நிபுணர்கள் இந்த மாநிலத்திலேயே பயிற்சி பெற வேண்டும், அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். இயக்கத்தின் நோக்கம் இது ஒன்றுதான். பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம். பெயருக்கும் சின்னத்துக்கும் சண்டை போட்டு நம்மவர்கள் பாதியில் நிறுத்திய காரியங்கள் ஏற்கெனவே ஏராளம்.

உதட்டைத் தைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் யாராவது இலவச முகாம் நடத்தினால் மாலை போட்டு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மை வேறு. உலகெங்கும் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று பிளவோடு பிறக்கிறது. உதட்டுக்கான அறுவை மூன்று மாதத்தில். பத்து வாரம், பத்து பவுண்டு எடை, ஹீமோகுளோபின் பத்து கிராம் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. அதுவரை அந்தக் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது, பால் மூக்கு வழியே வரும். எப்படிப் பிடித்து, எந்தப் புட்டியில் கொடுப்பது என்று தாய்க்குப் பிரசவ வார்டிலேயே ஒருவர் சொல்லித்தர வேண்டும். பேச்சு வருவதற்கு முன், ஒரு வயதையொட்டி அண்ணத்தை மூட வேண்டும். காதில் நீர் கோத்துக் கேள்வி மந்தமாகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பல் ஈறில் வைப்பார்கள். தாடை வளர்ந்து நின்ற பிறகு, பதினேழு பதினெட்டு வயதில், சிலருக்குத் தாடை அறுவையும் வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே பேச்சுப் பயிற்சி. அண்ணம் சரியாக மூடாத பிள்ளை 'ப' சொல்லப் போனால் காற்று மூக்கு வழியே ஓடி 'ம' ஆகிவிடுகிறது. 'அப்பா' என்பது 'அம்மா' மாதிரிக் கேட்கும். அதைத் திருத்தும் சிகிச்சையாளருக்குப் பிள்ளையின் வீட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும். தமிழில் இதைச் செய்யக்கூடியவர் கிடைப்பது அரிது. அறுவை நிபுணருக்கு நாங்கள் கேட்கும் பயிற்சி இடத்தோடு தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளரின் இடமும் சேர்ந்தே கேட்கப்படும்.

பதினெட்டு ஆண்டு ஒரே குழு ஒரே பிள்ளையைப் பார்க்க வேண்டிய வைத்தியம் இது. விமானத்தில் வந்து ஒரு வாரம் தங்கிப் போகிறவரை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் அண்ணத்தில் போட்ட தையல் விட்டு ஓட்டை விழும்போது அவர் வேறொரு நாட்டில் இருப்பார்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். கிரகணத்தன்று வெளியே போனாள், கத்தியைத் தொட்டாள் என்று பெற்றவளைக் குற்றம் சொல்லும் பேச்சு நம் லயங்களில் இன்னும் ஓயவில்லை. கரு உண்டான ஆறேழு வாரத்தில் சேர வேண்டிய சதை சேராமல் போவதால் வருவது உதட்டுப் பிளவு. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். உறுப்பினராகச் சேருகிறவர் முதலில் தன் வீட்டில் இந்தப் பேச்சை நிறுத்தட்டும். சந்தா அப்புறம்.

பயிற்சியை ஏன் இங்கே கேட்கிறோம்? நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கேதான் இந்த வித்தை வளர்ந்திருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த பால் டெஸியே, விலகி நிற்கும் கண்குழிகளை மண்டைக்குள்ளிருந்தே நெருக்கிக் கொண்டுவரும் அறுவையை 1967 இல் ரோமில் நடந்த மாநாட்டில் விளக்கினார்; மண்டை முக அறுவை தனித்துறையானது அதன் பிறகுதான். ஆனால் மூக்கின் வேரருகே எலும்பில் துளை விழுந்து மூளைச் சவ்வு வெளியே பிதுங்கும் குறை மேற்கில் அரிது, தென்கிழக்காசியாவில்தான் அதிகம். அதற்கான அறுவை முறை ஒன்றை பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்தார்கள். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே வழங்குகிறது. தைவான் இன்னும் நல்ல பாடம். 1959 இல் அங்கே போன அமெரிக்க மருத்துவர் சாமுவேல் நோர்டாஃப் வெட்டித் தைத்ததோடு நிற்காமல் உள்ளூர் இளைஞர்களைப் பழக்கினார். இன்று அங்குள்ள சாங் குங் மருத்துவமனைக்குப் பல நாடுகளிலிருந்தும் ஃபெலோஷிப் பயிற்சிக்கு மருத்துவர்கள் வருகிறார்கள். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 2020 இல் மறையும் வரை உழைத்த ஹிர்ஜி ஆடன்வாலாவும் இப்படித்தான். மும்பையிலோ லண்டனிலோ இருந்திருக்கக்கூடியவர், ஒரு கேரள நகரத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பிளவு அறுவை கற்றுக்கொடுத்தார்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை ஒன்றும் பாலைவனம் இல்லை. அங்கே வாய், தாடை, முக அறுவைத் துறை இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வார்டுகளில் பாடம் கற்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி மாஸ்டர் படிப்பில் இருக்கும் மருத்துவர்கள் தங்கள் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியைச் சிரம்பானில் கழிக்கட்டும். அறுவை நிபுணர், பல் சீரமைப்பாளர், காது மூக்குத் தொண்டை மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் எல்லாரும் ஒரே நாளில் ஒரே அறையில் பிள்ளையைப் பார்க்கும் கூட்டு கிளினிக் மாதம் ஒரு முறை நடக்கட்டும். ஆண்டில் சில முறை அது கோலப்பிலாவுக்கும் ஜெம்போலுக்கும் போகட்டும். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்தான். பகாவிலிருந்து கோலாலம்பூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வருகிற தாய் இழப்பது அன்றைய கூலியை. நான்கு துறைக்கு நான்கு நாள் என்றால் நான்கு நாள் கூலி.

பயிற்சி இடம் கேட்பது என்றால் பயிற்சி மருத்துவர் நம் பிள்ளை மீது கத்தி வைக்கச் சம்மதிப்பது என்று பொருள். இதைப் பூசி மெழுகப் போவதில்லை. ஏழைப் பிள்ளை மேல் கை பழகிவிட்டுத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள் என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான பயம். பழகாத கை எங்கேதான் பழகும் என்பதும் நியாயமே. ஆகவே சம்மதிக்கிறோம், நிபந்தனையோடு. மூத்த நிபுணர் அறுவை அறைக்குள்ளேயே கையுறையோடு நிற்க வேண்டும். தொலைபேசியில் இருந்தால் போதாது. யார் அறுக்கப் போகிறார் என்று பெற்றோருக்கு அவர்கள் மொழியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மறுத்தால் அதற்காகச் சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் படமும் பேச்சும் பதிவாகி, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். தன் தையல் பத்து ஆண்டுக்குப் பின் எப்படி இருக்கிறது என்று பார்க்காத நிபுணர் பாதி படித்தவர்.

தோட்டத்துப் பிள்ளை என்று நாங்கள் சொல்வது தமிழ்ப் பிள்ளையை மட்டுமல்ல. இன்று பல தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். அடையாள ஆவணம் இல்லாமல் வளரும் பிள்ளைகள் நம்மிலும் உண்டு. அவர்களிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள். பிளவு அறுவைக்கு எந்தப் பிள்ளையிடமும் அது வசூலிக்கப்படக் கூடாது.

இனி நம் பங்கு. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி டிரஸர்தான் தோட்டத்துக்கு வைத்தியர். 1965 இல்தான் அவர்களைப் பதிவு செய்யச் சட்டமே வந்தது. இன்று நம்மில் மருத்துவர்கள் நிறைய. எம்.பி.பி.எஸ். முடித்த அன்று பத்திரிகையில் வாழ்த்து விளம்பரம் போடுகிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு அதன் பிறகுதான் காடு. இரண்டு ஆண்டு ஹவுஸ்மன்ஷிப், அரசுப் பணி, நான்கு ஆண்டு மாஸ்டர், அதற்கும் மேல் ஃபெலோஷிப். வயது முப்பத்தைந்தைத் தாண்டும். 2016 டிசம்பரில் அரசு மருத்துவர்களுக்கு ஒப்பந்த முறை வந்தபோது நிபுணத்துவப் படிப்புக்கான வழி பலருக்கு அடைபட்டது. 2021 ஜூலை 26 அன்று அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று அவர்களுக்காக நம் சங்கங்கள் எத்தனை பேசின?

1960 இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அதே வழியில் குடும்பத்துக்கு மாதம் பத்து ரிங்கிட் திரட்டுவோம். அது முதல் பட்டப்படிப்புக்குப் போகாது. அதற்கு வேறு நிதிகள் உண்டு. நிபுணத்துவத் தேர்வுக் கட்டணம், பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலோ தைவானிலோ தங்கும் ஓராண்டுச் செலவு ஆகியவற்றுக்கு மட்டும். உதவி பெறுகிறவரிடம் பத்திரம் எழுதி வாங்கமாட்டோம். திரும்பி வந்து இந்த மாநிலத்தில் இருவரைப் பழக்க வேண்டும் என்று மட்டும் கேட்போம்.

கூட்டுறவு முறையில் கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வாசிக்கப்படும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் உறுப்பினராகலாம், பொறுப்பாளராக முடியாது. எங்கள் கூட்டங்களில் பொன்னாடையும் மேடை நாற்காலியும் கிடையாது. பிளவோடு பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் பேசுவார்கள், மருத்துவர்கள் பிறகு, அரசியல்வாதிகள் நேரம் மிச்சமிருந்தால்.