வாசலுக்கு நேரே படிக்கட்டு

டாட்டாநகரிலிருந்து சங்கத்துச் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமக்கு மடல் விடுத்திருந்தார். அவர்கள் அண்மையில் வாங்கிய மாடி வீட்டில், தலைவாசலைத் திறந்ததும் எதிரே நிற்பது படிக்கட்டாம். வீடு பார்க்க வந்த ஒருவர், "மாடியிலுள்ள செல்வமெல்லாம் படிவழியே உருண்டு வாசலைத் தாண்டிப் போய்விடும். சீனத்துப் பெங்சுயி முறைப்படி இது பெருங்குற்றம்" என்று சொல்லிச் சென்றாராம். படிக்கட்டை இடித்து வேறு பக்கம் திருப்பிக் கட்டுவதென்று முடிவாகி, சகோதரியின் கணவர் சேமநிதியிலிருந்து பணம் பெற மனுவும் எழுதி வைத்துவிட்டார். மனுவைக் கொடுக்கலாமா, கிழித்துவிடலாமா என்பது சகோதரியின் கேள்வி.

நாம் கட்டடக் கலை பயின்றோமல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலந் தள்ளுகிறோம். ஆயினும் இவ்விஷயத்தில் வாய் திறக்க நமக்கு ஓர் உரிமை உண்டு. இதே குற்றத்துக்குப் பரிகாரம் தேடப் போய், பெற்ற தாயின் கை முறியக் காரணமாயிருந்தவர் நாம்.

பெங்சுயி என்னும் சீனச் சொல்லுக்குக் காற்றும் நீரும் என்பது பொருள். முன்னோரை அடக்கம் செய்ய நல்ல நிலம் தேடும் வழக்கத்தோடு வளர்ந்த கலை அது. நிலத்தினூடே ஓர் உயிர்ப்பு ஓடுகிறது, காற்று அதைச் சிதறடிக்கும், நீர் அதைத் தேக்கி நிறுத்தும் என்பது அவர்கள் கொள்கை. கி.பி. 324-இல் மறைந்த குவோ பூ என்பவர் பெயரால் வழங்கும் அடக்க நூலில் இக்கருத்தைக் காணலாம். அந்த உயிர்ப்பைச் சீனர் 'சீ' என்று அழைப்பர். தமிழ்ச் செவிக்கு அது வசைபோல் ஒலிப்பதால் நாம் உயிர்ப்பு என்றே எழுதிப் போவோம்.

வளைந்து மெல்ல வரும் உயிர்ப்பு நன்மை செய்யும். நேர்கோட்டில் விரைந்து வருவது கேடு செய்யும். இதுவே அக்கலையின் உயிர்நாடி. பெய்ஜிங் நகரத்துப் பழைய முற்றத்து வீடுகளில், வாயிலைக் கடந்ததும் எதிரே ஒரு மறைப்புச் சுவர் நிற்கும். உள்ளே செல்பவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் முற்றத்தை அடைய வேண்டும். தீய ஆவிகள் நேரே மட்டும் செல்லவல்லவை, திரும்பத் தெரியாதவை என்று மக்கள் நம்பினர். அவ்வீடுகள் பெரும்பாலும் மாடியில்லாதவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். படிக்கட்டே இல்லாத வீட்டில் படிக்கட்டுக்கு விதி எதற்கு? இன்று கடைகளில் விற்கும் புத்தகங்களில் காணும் படிக்கட்டு விதிகளிற் பல, அந்த மறைப்புச் சுவரின் நியாயத்தைப் பின்னாளில் மாடி வீட்டுக்கு நீட்டிச் சொன்னவை என்றே நாம் கருதுகிறோம்.

நம் முன்னோர் இதற்கு நேர் மாறாகக் கட்டினர். தஞ்சை மாவட்டத்தில் நம் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கதவு, அதற்கப்பால் கிணற்றடி வரை ஒரே நேராகத் தெரியும். சித்திரை வெயிலில் அந்த நேர்வழியே வரும் காற்றுக்காகவே பாட்டனார் பிற்பகலில் ரேழியில் பாய் விரிப்பார். வட சீனத்திலோ குளிர்காலத்துக் காற்று வடக்கிலிருந்து எலும்பை ஊடுருவ வீசும். அதைச் சுவர் வைத்துத் தடுப்பது அவர்களுக்கு அறிவு. கதவைத் திறந்து வைப்பது நமக்கு அறிவு.

இதைக் கிராமத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஹாங்காங் நகரில் 1985-இல் கட்டி முடித்த ஹாங்காங் ஷாங்காய் வங்கித் தலைமையகத்தில், கீழிருந்து ஏறும் மின்படிகளைப் பெங்சுயி ஆலோசனையின்படி நேராக வைக்காமல் சற்றே கோணலாக வைத்திருக்கின்றனர். கோடிக் கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே இப்படி என்றால், நம் போன்ற மாதச் சம்பளக்காரர் அஞ்சுவதில் வியப்பென்ன?

நிற்க. நம் கதைக்கு வருவோம். கரக்பூரில் குவார்ட்டர்ஸை விட்டு, கடன் பட்டு, ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினோம். அதிலும் வாசலுக்கு நேரே படிக்கட்டு. ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்தார், கட்டணமும் வாங்கிக்கொண்டார். இடிக்க வசதியில்லை என்று நாம் சொல்லவே, இரக்கத்துடன் எளிய பரிகாரம் கூறினார். படியின் அடியில் செடித் தொட்டிகள் இரண்டு, அதன் முன்னே ஒரு மணித்திரை, மேலே ஒரு காற்றுமணி. அன்றே வாங்கி வந்து வைத்தோம்.

ஆடி மாதத்து மாலையொன்றில் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் உலர்த்திய துணிகளை அள்ளிக்கொண்டு அன்னையார் இறங்கி வருகையில் மின்சாரம் நின்றுபோயிற்று. இருட்டில் கடைசிப் படி என்று கால் வைத்த இடத்தில் தொட்டி இருந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. உருண்டோடாமல் நாம் தடுத்து வைத்த செல்வம் மருத்துவச் செலவாக வேறு வழியே வெளியேறியது. கட்டுப் போட்டுத் திரும்பிய இரவு அன்னையார் சொன்னது இன்னும் செவியில் இருக்கிறது: "செல்வம் இறங்கி ஓடாம இருக்கத் தொட்டி வெச்சே, சரி. நான் இறங்கி வர வழி வெச்சியாடா?"

பின்னர் ஒருநாள் கல்கத்தாவில் பென்டிங்க் தெருவில் சீனர் செருப்புக் கடையொன்றில் குழந்தைக்குக் காலணி வாங்க நேர்ந்தது. கடையின் வாசலுக்கு நேரே மாடிக்குப் படி ஏறியது. முதியவரிடம் நம் அரைகுறை வங்காளியில் அதைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "ஆறடி அகலக் கடையில் படியை வேறெங்கே வைப்பது, பாபு?" என்றார்.

அதன் பிறகே ராஜமிஸ்திரியை அழைத்துப் படிகளை அளக்கச் சொன்னோம். நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது, கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. நம் வீட்டுப் படிகள் 20 சென்டிமீட்டர் உயரம். அதுகூடப் பரவாயில்லை, அடிப்படி மட்டும் 15 சென்டிமீட்டர்தான். முன்பிருந்தவர் தரைக்குப் புதிய கல் பதித்தபோது தரை உயர்ந்து, அடிப்படி குட்டையாகிவிட்டது. பதினான்கு படி ஒரே அளவில் பழகிய கால், பதினைந்தாவதில் ஏமாந்து போகும். தொட்டி இல்லாதிருந்தாலும் என்றேனும் யாரேனும் அங்கே தடுக்கியிருப்பர் என்று மிஸ்திரி சொன்னார். வாசலுக்கு நேரே இருக்கிறதென்று கண்டுபிடித்த ஆலோசகர் கையில் திசைகாட்டி இருந்தது, அளவுகோல் இல்லை.

பெங்சுயி விதிகளில் உடலுக்கு உகந்தவையும் உண்டு என்பதை மறைக்கமாட்டோம். படிக்கும் படிக்கும் இடையே திறந்து கிடந்தால் உயிர்ப்பு ஒழுகிப்போகும் என்பர். ஒழுகுகிறதோ இல்லையோ, அவ்விடைவெளியில் குழந்தையின் கால் நுழையும். வீட்டின் நடுவே திருகுபடி ஆகாது என்பர். உட்பக்கம் பாதிப் பாதம்கூட வைக்க இடமில்லாத அப்படியில் முதியோர் இறங்குவது கடினமே. படிக்கட்டு இருண்டிருக்கலாகாது என்பதற்கு நாம் இரு கையும் உயர்த்தி வாக்களிப்போம்.

நாம் செய்தது இவ்வளவே. தொட்டிகள் மொட்டை மாடிக்குப் போயின. மணித்திரையைக் கழற்றினோம். ஒரு பக்கம் முழுதும் இரும்புக் கைப்பிடி வைத்தோம். மேலிருந்தும் கீழிருந்தும் போடவும் அணைக்கவும் கூடிய 'டூவே' சுவிட்சும், மின்சாரம் நின்றால் தானே எரியும் விளக்கும் போட்டோம். அடிப்படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டினோம். அன்னையாருக்கோ வேறொரு கவலை. முதற்படியிலிருந்து 'லாபம், நஷ்டம், லாபம்' என்று எண்ணிக்கொண்டே ஏறி, பதினைந்தாவது லாபத்தில் முடிந்த பிறகே நிம்மதியடைந்தார். இன்றும் கைப்பிடியைப் பற்றியபடி எண்ணிக்கொண்டுதான் இறங்குகிறார். அந்த எண்ணிக்கை அவர் கவனத்தைக் காலடியில் நிறுத்துவதால் நாம் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. காற்றுமணி மட்டும் நம் மகளின் பிடிவாதத்தால் இன்னும் தொங்குகிறது.

சகோதரிக்கு நம் விடை: மனுவைக் கொடுக்க வேண்டா. கான்கிரீட் படிக்கட்டு வீட்டின் உத்தரத்தோடும் பலகத்தோடும் கம்பியால் பிணைந்தது. பொறியாளர் பார்க்காமல் அதில் உளி வைப்பதே ஆபத்து. வாசலுக்கு நேரே படி தெரிவது உங்கள் மனத்தை உறுத்துமானால் கதவுக்கும் படிக்கும் நடுவே ஒரு துணித்திரை போதும், அதுவும் தரையைத் தொடாமல். அதற்கு முன், பிள்ளையின் பள்ளிப் பையிலுள்ள அளவுகோலை எடுத்து அடிப்படியையும் மேற்படியையும் அளந்து எழுதுங்கள். தீபாவளிக்கு உங்கள் மாமியார் ஊரிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் கைப்பிடி வைத்துவிடலாம்.