ஐஸுக்குள் சிக்கிய வானத்துச் செய்தி!

சிம்ம ராசியில் குரு இருக்க, மாசி மகம் கூடினால் கும்பகோணத்தில் மகாமகம். வானத்தைப் பார்த்து நாள் குறிக்கும் ஊர் அது. வெளிச்சமே இல்லாமல் வானத்தைப் பார்க்க முடியுமா? முடியும் என்கிறது தென் துருவம்!

அங்கே பனிக்கு அடியில், 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழம் வரை 86 கேபிள்களில் 5,160 ஒளி உணரிகள் தொங்குகின்றன. 2010 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்ட 'ஐஸ்கியூப்' ஆய்வகம் இதுதான்.

தேடுவது நியூட்ரினோவை. சூரியனிலிருந்து மட்டுமே விநாடிக்குப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் நம் விரல் நகத்தின் வழியே பாய்கின்றன. நமக்குத் தெரிவதே இல்லை. அபூர்வமாக ஒன்று ஐஸில் மோதினால், அதில் பிறக்கும் துகள் நீல ஒளியைச் சிந்தும். அந்த ஒளியின் தடத்தை வைத்து, வந்த திசையைக் கணிக்கிறார்கள். 2017 செப்டம்பர் 22-ல் சிக்கிய ஒரு நியூட்ரினோ, திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலத்தின் திசையைக் காட்டியது. அங்கே, பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ராட்சதக் கருந்துளை கொண்ட ஒரு கேலக்ஸி!

இந்த வேட்டையில் நமக்கும் பங்குண்டு. காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவுசெய்த இடங்களில் ஒன்று, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கம். ஆண்டு 1965. அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட ஆய்வகமோ, 'எங்கள் மலையும் தண்ணீரும் என்னாகும்?' என்ற கேள்வியைத் தாண்டவில்லை.

அடுத்த மகாமகம் 2028-ல். குளத்தில் முங்கி எழும் எல்லோரையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோக்கள், சொட்டுக்கூட நனையாமல்!