அருந்ததி இருக்கட்டும், ஆல்ஃபா சென்டாரியப் பாத்தீங்களா?

கல்யாண சீசன் வந்தாச்சுன்னா கூடவே அந்த ஃபார்வர்டும் வந்துடும். அருந்ததியும் வசிஷ்டரும் ஒண்ணையொண்ணு சுத்துற இரட்டை நட்சத்திரமாம், தொலைநோக்கியே இல்லாத காலத்துல நம்ம முன்னோர் இதைக் கண்டுபிடிச்சுட்டாங்களாம், உடனே பத்து பேருக்கு அனுப்பணுமாம். குடும்ப குரூப்ல ஒரு சித்தப்பா, ஆபீஸ் குரூப்ல ஒரு டீம் லீடர்னு எனக்கு வருஷத்துக்கு அஞ்சாறு தடவையாவது வந்துடுது.

முதல்லயே சொல்லிடறேன். அம்மி மிதிச்சு அருந்ததி பாக்குற சடங்கு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அழகான விஷயம். வெறுங்கண்ணால அந்த ரெண்டு புள்ளியையும் பிரிச்சுப் பார்த்து பேர் வெச்சவங்க, வானத்தை நிஜமாவே கவனிச்சவங்க. ஆனா "ரெண்டும் பக்கத்துல தெரியுது"ங்கறது வேற, "ஒண்ணையொண்ணு சுத்துது"ங்கறது வேற. பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நிக்கிற ரெண்டு பேரை எல்லாம் புருஷன் பொண்டாட்டின்னு சொல்லிட முடியுமா? :) சுத்துதுன்னு சொல்லணும்னா பல வருஷம் உக்காந்து அளக்கணும். வேற சில ஜோடிகளை அப்படி அளந்து, நட்சத்திரங்கள் நிஜமாவே ஒண்ணையொண்ணு சுத்துதுன்னு வில்லியம் ஹெர்ஷல் காட்டினது 1803-ல.

எனக்கு உண்மையான வருத்தம் என்னன்னா, நம்ம கடற்கரையிலேயே நடந்த ஒரு நிஜமான இரட்டை நட்சத்திரக் கதை இருக்கு. அதை ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்றதில்லை.

1689 டிசம்பர், புதுச்சேரி. ழான் ரிஷோன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தை தொலைநோக்கியில பாத்துக்கிட்டு இருந்தார். அப்போ தெற்கே தாழ்வா இருந்த ஆல்ஃபா சென்டாரியப் பாக்குறார். வெறுங்கண்ணுக்கு ஒண்ணா தெரியுற அது, தொலைநோக்கியில ரெண்டா தெரியுது! சூரியனை விட்டா நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரக் குடும்பம் தனி ஆள் இல்லைன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது நம்ம புதுச்சேரியில இருந்துதான்.

"அவரு வெள்ளைக்காரர், இதுல நமக்கென்ன பெருமை?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா அதே மனுஷன் பாரீஸ்ல உக்காந்திருந்தா ஆயுசுக்கும் இதைப் பாத்திருக்க முடியாது. அங்கே அந்த நட்சத்திரம் உதிக்கறதே இல்லை. டெல்லியில கூட தொடுவானத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர் தெற்கே இருக்கறதால கிடைச்ச கண்டுபிடிப்பு அது. நம்மகிட்ட இருந்தது இடம். தொலைநோக்கியும் குறிச்சு வைக்கிற பழக்கமும் அவர் கொண்டு வந்தது. பெருமைப்பட்டே ஆகணும்னா, எனக்கு அந்தக் குறிச்சு வைக்கிற பழக்கம் மேலதான் ஆசை.

சரி, மேட்டருக்கு வருவோம். அளக்க ஆரம்பிச்சதும் என்னென்ன கிடைச்சது பாருங்க.

முதல்ல தூரம். தாமஸ் ஹெண்டர்சன் தென்னாப்பிரிக்காவுல 1832-33-ல எடுத்த அளவுகளை வெச்சு 1839-ல வெளியிட்டார். பூமி சூரியனைச் சுத்தும்போது இந்த நட்சத்திரம் துளியூண்டு இடம் மாறித் தெரியும். இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச அளவு முக்கால் ஆர்க் செகண்ட். ரெண்டு சென்டிமீட்டர் அகலமான காசை அஞ்சரை கிலோமீட்டர் தள்ளி வெச்சுப் பாக்குற கோணம் அது. அதுல இருந்து தூரம் சுமார் 4.3 ஒளியாண்டுன்னு வருது.

அடுத்து எடை. ரெண்டு நட்சத்திரமும் ஒரு சுத்து முடிக்க 79.8 வருஷம். சராசரி இடைவெளி, பூமி-சூரியன் தூரத்தை விட சுமார் 23.3 மடங்கு. ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல மனப்பாடம் பண்ணின கெப்ளர் மூணாவது விதி ஞாபகம் இருக்கா? 23.3-ஐ மும்மடியாக்கி, 79.8-இன் வர்க்கத்தால வகுங்க. கிட்டத்தட்ட 2 வரும். அதாவது ரெண்டும் சேர்ந்து ரெண்டு சூரியன் எடை. தராசு வேண்டாம், ஒரு கால்குலேட்டர் போதும்! பிரிச்சுப் பாத்தா பெரிசு 1.08, சின்னது 0.91.

பெரிசோட விட்டம் சூரியனை விட 1.22 மடங்கு, வெளிச்சம் ஒண்ணரை மடங்கு. மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,800 கெல்வின், நம்ம சூரியன் மாதிரியே. சின்னது கொஞ்சம் ஆரஞ்சு, சுமார் 5,200 கெல்வின், வெளிச்சத்துல பாதி சூரியன். கூடவே 1915-ல ராபர்ட் இன்னஸ் கண்டுபிடிச்ச ப்ராக்ஸிமா. 4.24 ஒளியாண்டுல இன்னும் பக்கம், ஆனா வெறுங்கண்ணுக்குத் தெரியாத குட்டி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. 2012-ல சின்ன நட்சத்திரத்தைச் சுத்தி பூமி எடையில ஒரு கிரகம் இருக்குன்னு அறிவிச்சாங்க. பேப்பர்ல எல்லாம் கொட்டை எழுத்து. 2015-ல இன்னொரு குழு அதே டேட்டாவை மறுபடி அலசி, அது கணக்குல வந்த பேய், கிரகம் இல்லைன்னு காட்டிட்டாங்க. ப்ரொடக்‌ஷன்ல போன கோட்ல பக் கண்டுபிடிச்ச மாதிரி. யாரும் யாரையும் துரோகின்னு திட்டலை. 2025 ஆகஸ்ட்ல வெப் தொலைநோக்கிக் குழு, பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஒரு வாயுக் கிரகம் இருக்க வாய்ப்பிருக்குன்னாங்க. 2024 ஆகஸ்ட்ல தெரிஞ்சது, 2025 பிப்ரவரியிலயும் ஏப்ரல்லயும் தெரியலைங்கறதையும் அவங்களே சேர்த்துச் சொன்னாங்க.

அந்த "ஒருவேளை"தான் மக்களே அறிவியல். ஃபார்வர்ட்ல எப்பவுமே "ஒருவேளை" இருக்காது, கவனிச்சிருக்கீங்களா? அங்கே எல்லாமே ஏற்கனவே கண்டுபிடிச்சு முடிச்சாச்சு. அப்ப நம்ம பிள்ளைங்களுக்குக் கண்டுபிடிக்க என்னதான் மிச்சம்? நம்ம முன்னோர் வானத்தைப் பாத்தாங்கன்னு சொல்றோம். நாம பாக்குறோமா? அவங்களுக்குச் செய்யுற மரியாதை அண்ணாந்து பாக்குறதுதானே தவிர, ஷேர் பட்டனைத் தட்டுறது இல்லைங்கறது என் கட்சி.

அதனால ஒரு சின்ன வேலை. ஜூன் நடுவுல, மழை மேகம் இல்லாத ராத்திரி ஒன்பது மணி வாக்கில, தெற்குப் பக்கம் மறைக்காத மொட்டை மாடியோ கடற்கரையோ போங்க. சென்னையில தொடுவானத்துக்கு மேல 16 டிகிரி, கன்னியாகுமரியில 21 டிகிரி. தென்சிலுவைக்குக் கிழக்கே ரெண்டு பிரகாசமான நட்சத்திரம் இருக்கும். சிலுவையை விட்டுத் தள்ளி, அதிகமா மின்னுறதுதான் நம்மாளு. கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். சின்னத் தொலைநோக்கி வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இழுத்துட்டுப் போங்க, ரெண்டாப் பிரியும்.

பாத்தவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் அங்கேயே கும்மலாம் :)