அண்டையை அறிதல்: திசைவிகளின் உறவும் தமிழ் மாணவரின் தெளிவும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த மூதறிஞர் இராஜாஜியை நாடு அரசியல் தலைவராகவே பெரிதும் அறியும். சேலத்தில் அவர் வழக்கறிஞராக விளங்கிய காலத்தில், 1916ஆம் ஆண்டு, தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டார் என்பதையும், வேதியியலைத் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலாக எளிய தமிழில் எழுதினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர் பிறந்த மண்ணைச் சுற்றி இன்று வாகன ஆலைகளும் கடிகார ஆலையும் மின்னணுத் தொழிற்கூடங்களும் எழுந்துள்ளன. அவற்றின் கணினிகளையும் எந்திரங்களையும் இணைக்கும் வலையமைப்புகளைப் பேணும் பணிக்கு நம் பகுதி மாணவர்கள் செல்கின்றனர். அவர்களுள் பலர் பள்ளியில் தமிழ் வழி பயின்றவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அப்பணியின் உயிர்நிலையான ஒரு செய்தியை அவர்கள் பொருளறிந்து கற்கின்றனரா, மனப்பாடம் செய்கின்றனரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அச்செய்தி, திசைவிகளுக்கு இடையிலான அண்டை உறவைச் சரிபார்த்தல் என்பதாகும். கணினியியல் ஆசிரியர் எழுத வேண்டியதைத் தமிழாசிரியர் எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். பொருள் விளங்காமல் சொல்லை ஒப்பிப்பது எத்துறையில் நேர்ந்தாலும் அது மொழியாசிரியரின் கவலைக்கும் உரியதே என்பது என் விடை.

திசைவியும் அண்டையும்

‘ரவுட்டர்’ என ஆங்கிலத்தில் வழங்கும் கருவியே தமிழில் திசைவி எனப்படுகிறது. ஒரு கணினியிலிருந்து புறப்படும் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டுச் செல்லும். ஒவ்வொரு பொட்டலமும் அடுத்து எத்திசையில் செல்ல வேண்டும் என முடிவு செய்வது திசைவியின் தொழில். வழிகளை மனிதரே எழுதிவைத்தால் அது நிலையான வழியமைப்பு. ஒரு வழி அடைபட்டால் மறுவழி எழுத ஒருவர் வந்தாக வேண்டும். திசைவிகள் தமக்குள் செய்தி பரிமாறி, வழிகளைத் தாமே கணித்துக்கொண்டால் அது இயங்குநிலை வழியமைப்பு.

இவ்வகை நெறிமுறைகளுள் ஓ.எஸ்.பி.எப். என்பது பெரிதும் வழக்கிலுள்ள ஒன்று. ஜான் மோய் என்பார் வகுத்தெழுதிய இந்நெறிமுறை 1989இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 1998இல் செம்மை பெற்றது. இதன்படி ஒவ்வொரு திசைவியும் தன் பகுதி முழுவதற்குமான வரைபடத்தை உருவாக்கிக்கொண்டு, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையால் மிகக் குறைந்த செலவுடைய வழியைக் கணிக்கிறது. அவ்வரைபடத்துக்கான செய்திகள் அண்டைத் திசைவிகள் வாயிலாகவே வந்துசேர வேண்டும். எனவே அண்டை உறவு பொய்த்தால் வரைபடம் பொய்க்கும். வரைபடம் பொய்த்தால் பொட்டலம் வழி தவறும்.

உறவு மலரும் படிகள்

ஒரு திசைவி, பொதுவான ஈதர்நெட் இணைப்பில், 10 நொடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ என்னும் வணக்கச் செய்தியை அனுப்புகிறது. 40 நொடி வரை அண்டையின் வணக்கம் வாராவிடின் அதனை இல்லாததாகக் கொள்கிறது. எனினும் வணக்கம் காதில் விழுந்த உடனேயே உறவு ஏற்பட்டுவிடுவதில்லை. வணக்கச் செய்திக்குள், அதனை அனுப்பும் திசைவி, தான் எவரெவரிடமிருந்து வணக்கம் கேட்டது என்னும் பட்டியலையும் எழுதி அனுப்புகிறது. அப்பட்டியலில் தன் அடையாள எண்ணைக் கண்ட பிறகே மற்றத் திசைவி, ‘என் குரலும் அங்கே எட்டியுள்ளது’ எனத் தெளிகிறது. அதுவே இருவழி நிலை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒலிக்கும் நம் ஓசூர்ச் சந்தையில், வணக்கமோ ஸலாமோ எதுவாயினும், மறுமொழி கிடைத்தால்தான் அறிமுகம் நிறைவுறும். அதே நெறிதான் இங்கும்.

இருவழி நிலைக்குப் பின்னர், யார் முதலில் பேசுவது என முடிவு செய்யும் தொடக்க நிலை, பட்டியல்களைப் பரிமாறும் நிலை, தன்னிடம் இல்லாதவற்றைக் கேட்டுப் பெறும் நிலை ஆகியன நிகழும். இருவர் வரைபடமும் ஒத்துவிட்டால் அது ‘ஃபுல்’ எனப்படும் முழு உறவு நிலை.

சரிபார்த்தல் என்பது யாது?

ஆய்வுக்கூடத்தில் மாணவர் ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ எனத் தட்டெழுதுகிறார். திரையில் ஓர் அட்டவணை தோன்றுகிறது. அதில் ‘ஃபுல்’ என்னும் சொல் இருந்தால் பதிவேட்டில் ‘சரி’ என எழுதிவிடுகிறார். பாடம் அத்துடன் முடிகிறது. உண்மையில் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

அட்டவணையில் அண்டையே தோன்றாவிடின் என்ன பொருள்? கம்பியில் விளக்கு எரிகிறது. ஆயினும் உறவு இல்லை. வணக்க இடைவெளி, காத்திருப்பு நேரம், பகுதி எண், வலை மறைப்பு, கடவுச்சான்று ஆகியவற்றுள் ஒன்று இரு முனையிலும் வேறுபட்டிருக்கலாம். அல்லது அந்த இணைப்பில் வணக்கம் அனுப்பவே கூடாதென அமைக்கப்பட்டிருக்கலாம். ‘இனிட்’ என்னும் நிலையில் நின்றுவிட்டால், அண்டையின் குரல் நமக்குக் கேட்கிறது, நம் குரல் அங்கே எட்டவில்லை என்று பொருள். ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே தேங்கினால், ஒரு முனை ஏற்கும் பொட்டல அளவும் மறுமுனை ஏற்கும் அளவும் ஒவ்வாதிருப்பது பெரும்பாலும் காரணமாகும். சிறிய வணக்கங்கள் கடந்து செல்லும், பெரிய பட்டியல் கடக்காது.

‘டூ-வே’ என நின்றால்? இங்கேதான் மனப்பாடம் தடுமாறுகிறது. ஒரே வலையில் 10 திசைவிகள் இருந்து, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுடனும் முழு உறவு கொண்டால் 45 உறவுகள் தேவைப்படும். அச்சுமையைத் தவிர்க்க ஒரு தலைமைத் திசைவியும் ஒரு மாற்றுத் தலைமைத் திசைவியும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஏனையவை அவ்விரண்டுடன் மட்டுமே முழு உறவு கொள்ளும். 17 உறவுகள் போதும். ஏனைய எட்டும் தமக்குள் இருவழி நிலையிலேயே நிற்பது குற்றமன்று, முறைமையே. பொருளறியாதவர் இதனைப் பிழையெனக் கொண்டு, நன்கு இயங்கும் வலையைக் கலைத்துவிடுவார்.

ஒருமுறை பார்ப்பதும் போதாது. அட்டவணையில் காத்திருப்பு நேரம் 40இலிருந்து குறைந்து, அடுத்த வணக்கம் வந்ததும் மீண்டும் 40க்கு ஏறும். அது 30க்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் இடையில் வணக்கம் தவறுகிறது என்பது குறிப்பு. உறவு அற்று அற்று மீள்கிறதா எனப் பதிவுகளையும் நோக்க வேண்டும். இரு முனைகளிலும் நின்று நோக்க வேண்டும். ஒரு பக்கச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பெழுதலாகாது.

உறவும் உண்மையும்

உறவு சரியாக அமைந்த பின்னும் அண்டை உரைப்பதெல்லாம் மெய்யாகிவிடாது. 1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில், பழுதுற்ற கருவியால் சிதைந்த நிலைச்செய்திகள் அண்டையிலிருந்து அண்டைக்குப் பரவின. வலை முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. பெருநிறுவன வலைகளைத் தம்முள் இணைப்பது பி.ஜி.பி. என்னும் வேறொரு நெறிமுறை. 2008 பிப்ரவரி 24ஆம் நாள், பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபைத் தன் நாட்டினுள் தடுக்க எழுதிய வழி, அதன் அண்டை நிறுவனம் ஆராயாமல் ஏற்றுப் பரப்பியதால் உலகெங்கும் சென்று, யூடியூபை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எட்டாக்கனியாக்கியது. நம் நாட்டிலும் 2015 நவம்பர் 6ஆம் நாள் பார்தி ஏர்டெல் வலையிலிருந்து, பிறர்க்குரிய 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகள் தன்னுடையவை போலத் தவறாக அறிவிக்கப்பட்டன. பி.ஜி.பி. நிகழ்வுகள் இரண்டிலும் அண்டை உறவுகள் செவ்வனே இருந்தன, செய்தியே பிழை. ஆகவே சரிபார்த்தல் இரு படிகளை உடையது: உறவு உளதா என்பது முதற்படி, அவ்வுறவின் வழி வருவது ஏற்கத்தக்கதா என்பது இரண்டாம் படி. முதற்படியையே பொருளின்றி ஒப்பித்தவர் இரண்டாம் படியில் எங்ஙனம் கால் வைப்பார்?

மறுப்பும் விடையும்

கட்டளைகள் ஆங்கிலத்தில் உள்ளன. நேர்முகத் தேர்வும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தமிழ் விளக்கம் மாணவரைப் பின்னுக்குத் தள்ளாதா? இம்மறுப்பில் நியாயம் உண்டு. எனவே கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டும் என யான் கூறவில்லை. அவை எந்திரத்தின் சொற்கள், அவ்வாறே இருக்கட்டும். ‘இனிட்’ என ஏன் நின்றது என்னும் காரண காரிய விளக்கமே மாணவர் சிந்திக்கும் மொழியில் அமைய வேண்டும். காரணம் தெளிந்தவர் அதனை ஆங்கிலத்தில் உரைக்கச் சில வாரங்களில் பழகிவிடுவார். காரணம் அறியாதவர்க்கு எத்துணை ஆங்கிலம் இருந்தும் முதல் இடைக்கேள்வியிலேயே நா எழாது.

கலைச்சொற்கள் பலவாறு வழங்கிக் குழப்புகின்றனவே என்பது மற்றொரு மறுப்பு. இதற்கும் முன்னோடிகள் வழி காட்டியுள்ளனர். 2017இல் மறைந்த அறிவியல் தமிழறிஞர் மணவை முஸ்தபா அவர்கள், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மருத்துவம், கணினி முதலிய துறைகளின் கலைச்சொல் அகராதிகளுக்கே ஈந்தார்கள். சொற்கள் உள்ளன. அவற்றை ஆய்வுக்கூடத்தில் வழங்கச் செய்யாமை நம் குறையே.

செய்யத்தக்கவை

நம் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து, அண்டை உறவைச் சரிபார்த்தல் குறித்து ஒரு சிறு செய்முறைக் கையேட்டைத் தமிழில் ஆக்கலாம். ஒரு கருத்துக்கு ஒரு சொல் என உறுதி செய்து, ஆங்கிலக் கட்டளையைத் தமிழ் எழுத்தில் அதனருகே தரலாம். செய்முறைத் தேர்வில், நன்கு இயங்கும் வலையைக் கட்டச் சொல்வதோடு நில்லாது, ஆசிரியரே ஒரு பிழையை ஒளித்து வைத்து, அதனைக் கண்டு காரணம் எழுதுமாறு பணிக்கலாம். விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் டிரேசர் போன்ற பயிற்சி மென்பொருள்களே போதும். ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்கள், தாம் எதிர்கொண்ட பழுதுகளை ஆண்டுக்கு ஒருமுறை வந்து தமிழில் விளக்கினால் அக்கையேடு ஆண்டுதோறும் வளரும். ஊர்ப் பெரியோர்கள் அதன் அச்சுச் செலவை ஏற்பின் அது நிலைத்த கல்விக் கொடையாகும்.

மாணவச் செல்வங்களே! திரையில் ‘ஃபுல்’ எனக் கண்டதும் எழுந்துவிடாதீர்கள். மறுமுனைக்குச் சென்று அங்கும் நோக்குங்கள். ஏன் முழுமை பெற்றது, எது மாறினால் முறியும் என உங்கள் சொந்தச் சொற்களில் ஐந்து வரி எழுதிப் பாருங்கள். அவ்வைந்து வரியை எழுத முடிந்தவரே அப்பணிக்கு உரியவர். அவரை நம்பி ஆலையின் வலையை ஒப்படைக்கலாம்.